பட்டறை ஃபைபரும் விமானக் கம்பாசிட்டும் ஒன்றுதானா?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாய்மாமா கப்பலூரில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறார். பாத்ரூம் கதவு, தண்ணீர்த் தொட்டி, கடை வாசலில் நிற்கும் விளம்பரப் பொம்மை என்று செய்து கொடுக்கிறாராம். "விமானத்தில் போடும் கம்பாசிட்டும் மாமா செய்வதும் ஒன்றுதான் என்கிறார்களே, அப்படியென்றால் நம் பட்டறையில் ஏன் அந்தத் தரம் வரமாட்டேன் என்கிறது? இந்தத் துறையில் புதிதாக என்ன வந்திருக்கிறது? இதை நம்பி இறங்கலாமா? அப்புறம், வீடு கட்டுகிறோம், இரும்புக்குப் பதில் ஃபைபர் கம்பி போடச் சொல்கிறார் ஒருவர், போடலாமா?" என்பது கேள்வி.

ஒன்றுதான், தம்பி. மெல்லிய இழைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ரெசின் என்ற இறுகும் பிசின், இரண்டும் ஓர் அச்சுக்குள் இறுகுவது. மாமா பட்டறையிலும் இதுதான், தேஜஸ் போர் விமானத்தின் இறக்கையிலும் இதுதான். எந்த இடத்தில் இரண்டும் பிரிகின்றன என்று பிடிபட்டால் மற்றக் கேள்விகளுக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

முதலில் இழை. ஜன்னல் கண்ணாடி கைதவறினாலே உடைகிறது. அதே கண்ணாடியை உருக்கிப் பத்துப் பதினைந்து மைக்ரான் தடிமனுக்கு இழையாக இழுத்தால் இரும்புக் கம்பியைவிடப் பல மடங்கு இழுவிசை தாங்குகிறது. இதற்குக் காரணத்தை 1920-21இல் இங்கிலாந்தில் கிரிஃபித் என்ற பொறியாளர் எடுத்துச் சொன்னார். பொருள் உடைவதற்குக் காரணம் அதில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணிய விரிசல்கள். இழை மெலிய மெலியப் பெரிய விரிசலுக்கு இடமே இல்லாமல் போகிறது. இன்றைக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் ஈ-கிளாஸ் இழை ஒன்றைத் தனியாக இழுத்தால் 3,000 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும் (ஒரு மெகாபாஸ்கல் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நூறு கிராம் வாக்கில் சுமை). வீட்டுக்குப் போடும் எஃப்.ஈ. 500 கம்பியோ 500 மெகாபாஸ்கலில் நீள ஆரம்பித்துவிடும். எடையில் கண்ணாடி இழை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு.

அப்படியானால் மாமா செய்யும் கதவு இரும்பைவிட ஆறு மடங்கு பலமாக அல்லவா இருக்க வேண்டும்? அவர் போடும் மேட்டை, அதாவது இழைப் பாயை, எடுத்துப் பிரித்துப் பாருங்கள். இரண்டு அங்குல நீளத்துக்கு நறுக்கிய இழைக்கொத்துகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும். இழுக்கிற திசையில் இருக்கும் இழைதான் வேலை செய்யும். குறுக்கே கிடப்பது அநேகமாகச் சும்மா கிடக்கிறது. அதோடு, கையால் தேய்த்துச் செய்யும் ஃபைபரில் எடைக்கணக்கில் முப்பது சதவீதம்தான் இழை, மீதி எழுபதும் ரெசின். ரெசினுக்கென்று பெரிய பலம் கிடையாது. ஆகக் கடைசியில் கைக்கு வருவது 100 மெகாபாஸ்கல் வாக்கில் தாங்கும் ஒரு தகடு. கதவுக்கு அது தாராளம். இறக்கைக்குப் போதாது.

விமானத்தில் கார்பன் இழைகளை ஒரே திசையில் படுக்கவைத்து, கன அளவில் அறுபது சதவீதம் இழை இருக்கும்படி செய்கிறார்கள். நீளவாக்கில் அது 1,500 மெகாபாஸ்கலைத் தாண்டித் தாங்கும். அதே தகட்டைக் குறுக்கே இழுத்தால் ஐம்பது சொச்சத்தில் பிய்ந்துவிடும். அதனால்தான் ஓர் அடுக்கு நேராக, அடுத்தது 45 பாகையில், அதற்கடுத்தது எதிர்ப்பக்கம் 45இல், பிறகு ஒன்று குறுக்காக என்று கணக்குப் போட்டு அடுக்குகிறார்கள். நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் அந்த வரிசை சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போது தகடு தானாகத் திருகிக்கொள்ளும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இரும்புத் தகடு வாங்கினால் அதன் பலம் ஆலையிலேயே முடிவாகிச் சான்றிதழோடு வருகிறது. வெல்டர் மூட்டைக் கெடுக்கலாம். தகட்டைக் கெடுக்க அவரால் ஆகாது. கம்பாசிட்டில் அப்படிக் கடையில் வாங்கிவரும் பொருளே கிடையாது. டிரம்மில் இருக்கும் ரெசின் ஒரு பக்கம், சுருட்டி வைத்த மேட் ஒரு பக்கம். பாகம் உருவாகும் அதே நேரத்தில்தான் பொருளும் உருவாகிறது. அன்றைய வெயில், கலந்தவரின் கை, உருளை ஓட்டியவரின் அவசரம் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் இந்தத் துறை கண்ட வளர்ச்சியில் பெரும்பங்கு செய்முறையில் வந்ததுதான் என்பேன். உள்ளே சிக்கும் காற்றை எப்படி வெளியேற்றுவது, இழையை எப்படி நேராக வைப்பது, மிகுதி ரெசினை எப்படிக் குறைப்பது, இந்த மூன்றுக்கும்தான் இவ்வளவு பாடு.

மாமா பட்டறையையே எடுத்துக்கொள்வோம். அச்சில் வாக்ஸ் தேய்த்து, ஜெல் கோட் என்ற வெளிப்பூச்சு அடித்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேட்டைப் போட்டு, ரெசினில் இறுகும் வேகத்தைக் கூட்டும் கோபால்ட்டைக் கலந்து, கடைசியாக இறுகலைத் தொடங்கிவைக்கும் கேட்டலிஸ்ட்டை ஊற்றிக் கலக்கிப் பிரஷ்ஷால் தேய்த்து, உருளை ஓட்டிக் காற்றை விரட்டுவார்கள். (கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். புது ஆளுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய பாடம் இது.) மார்கழியில் இருபது நிமிடம் வேலை செய்ய விடும் ரெசின், சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஏழெட்டு நிமிடத்தில் கெட்டியாகிவிடும். பக்கெட்டில் மிஞ்சியது சூடேறிப் புகையும். பையன்கள் உடனே கேட்டலிஸ்ட்டைப் பாதியாகக் குறைப்பார்கள். அங்கேதான் தப்பு. கேட்டலிஸ்ட் ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் ரெசின் முழுதாக இறுகாமலே நின்றுவிடும். மேலே கெட்டியாகத் தெரியும், மாதக்கணக்கில் ரெசினில் உள்ள ஸ்டைரீன் திரவத்தின் வாடை போகாது, தண்ணீர் பட்டால் உள்ளே ஊறும். வெயில் காலத்தில் குறைக்க வேண்டியது கோபால்ட்டை. அதைவிடச் சுலபம், விடிகாலையில் வேலையை ஆரம்பிப்பது. இறுகியதா என்று பார்க்கப் பார்க்கால் மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, ஊசியால் குத்திக் கடினத்தைச் சொல்லும். ஃபைபர் பட்டறைக்கு அது கட்டாயம் வேண்டும்.

காற்றுக்குமிழி விஷயம் இன்னும் மோசம். அடுக்குகளுக்கு நடுவே ஒரு சதவீதம் குமிழி கூடினால் அடுக்கோடு அடுக்கு பிடிக்கும் பலம் ஆறேழு சதவீதம் குறையும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. கையால் உருளை ஓட்டி எவ்வளவுதான் அழுத்த முடியும்? இதற்குத்தான் வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கும் முறை, வந்தது.

வேக்குவம் இன்ஃப்யூஷன் என்ற முறையில் ரெசின் இல்லாமல் வெறும் துணியாகவே எல்லா அடுக்கையும் அச்சில் போட்டுவிடுவார்கள். அதன்மேல் பின்னால் உரித்து எடுப்பதற்கான ஒரு துணி, அதன்மேல் ரெசின் ஓடுவதற்கு ஒரு வலை, ஓரத்தில் சுருள் குழாய், எல்லாவற்றையும் மூடிப் பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் பசை நாடா. பம்பை ஓடவிட்டால் தாள் சுருங்கித் துணியை அமுக்கும். வெளிக்காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் பத்து டன் கணக்கில் அழுத்துகிறது. இத்தனைக்கும் நாம் ஒரு சுமையும் ஏற்றவில்லை. பிறகு வால்வை மூடி, பம்பை நிறுத்தி, மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. காதை வைத்துக் கேட்டுத் தேடி அடைக்காமல் ரெசின் குழாயைத் திறக்கக் கூடாது. திறந்ததும் வெள்ளைத் துணி நனைந்து நிறம் மாறிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். ரெசின் ஓரத்தில் வேகமாக ஓடி நடுவில் ஒரு திட்டு நனையாமல் நின்றுபோனால் அந்தப் பாகம் குப்பைக்குத்தான். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் இழையின் பங்கு கன அளவில் ஐம்பது சதவீதத்தைத் தாண்டும். ஸ்டைரீன் வாடை பட்டறையில் பெருமளவு குறையும். பம்பு, பம்புக்குள் ரெசின் போகாமல் தடுத்துப் பிடிக்கும் கலம், குழாய் எல்லாம் சேர்த்தாலும் ஒரு சின்னப் பட்டறையால் தாங்க முடிகிற முதலீடுதான். விமானத் தரத்துக்கும் கப்பலூருக்கும் நடுவில் இருக்கும் முதல் படி இது. மாமாவிடம் பேசிப் பாருங்கள்.

அதற்கடுத்த படி ஆட்டோகிளேவ். ரெசினை ஏற்கெனவே ஊறவைத்த கார்பன் நாடாக்களை மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் வைத்திருந்து, வேண்டியபோது எடுத்து அடுக்கி, பெரிய அழுத்தக் கலத்துக்குள் தள்ளி, 180 டிகிரி வெப்பத்திலும் ஆறேழு பார் அழுத்தத்திலும் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் இதில் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறது. 2001 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்த தேஜஸின் உடற்கட்டில் எடைக்கணக்கில் 45 சதவீதம் கம்பாசிட் என்றால் அந்த உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. போயிங் 787இல் அது 50 சதவீதம், ஏர்பஸ் ஏ350இல் 53. 787இன் உடற்பகுதியை உருளை உருளையாக, ரோபோ தலை நாடாவைச் சுற்றிச் சுற்றியே உருவாக்குகிறது. ஆயிரக்கணக்கான தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த இடத்தில் இன்று ஒரே துண்டு.

இவ்வளவு இயந்திரம் இருந்தும் செய்முறை கழுத்தைப் பிடித்த கதைகள் உண்டு. அந்த உருளைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இடங்களில் அனுமதித்த அளவைவிட மயிரிழை இடைவெளி கூடிவிட்டது. அந்த அளவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது 0.13 மில்லிமீட்டர் சொச்சம். இந்த மாதிரித் தரக்குறைகளால் 2021இலிருந்து 2022 ஆகஸ்ட் வரை அநேகமாகப் புது 787 எதுவும் வெளியே போகவில்லை. இன்னொன்று துயரமான கதை. 2023 ஜூனில் டைட்டானிக் கப்பலைப் பார்க்க ஐந்து பேரோடு போய் நசுங்கிய டைட்டன் நீர்மூழ்கியின் உடல் கார்பன் இழையைச் சுற்றிச் செய்தது. இழைக்குப் பலம் இழுப்பதில்தான். ஆழ்கடல் எல்லாப் பக்கமும் அமுக்குகிறது. போதாக்குறைக்கு, அமெரிக்கப் புலனாய்வாளர்கள் மிஞ்சிய துண்டுகளை ஆராய்ந்ததில் அடுக்குகளில் சுருக்கங்களும் குமிழிகளும் இருந்தது தெரியவந்தது. கார்பன் என்ற பெயருக்காகப் பலம் வந்துவிடாது.

அவசரப்பட்டால் கம்பெனியே போகும் என்பதற்கு ரோல்ஸ் ராய்ஸ் சாட்சி. ஆர்.பி. 211 விமான எஞ்சினின் முன்விசிறி இலைகளைக் கார்பன் இழையில் செய்து எடையைக் குறைக்கப் பார்த்தார்கள். 1970இல் பறவை மோதும் சோதனையில் இலை சிதறியது. டைட்டானியத்துக்குத் திரும்பினார்கள்; செலவு ஏற்கெனவே எகிறியிருந்தது; 1971 பிப்ரவரியில் கம்பெனி திவாலானது, அரசு கையில் எடுத்துக்கொண்டது. 1995இல் ஜி.ஈ. 90 எஞ்சின் கம்பாசிட் இலைகளோடு வந்து ஜெயித்தது. முன் விளிம்புக்கு மட்டும் டைட்டானியக் கவசம். கால் நூற்றாண்டு ஆனது ஓர் இலையைச் சரியாகச் செய்ய.

விமானம் இருக்கட்டும். நம் கண்முன்னே ஓடும் மிகப்பெரிய கம்பாசிட் பாகம் காற்றாலை இறக்கைதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்று உள்ளே நுழையும் வாய்களில் கம்பம் கணவாயும் ஒன்று, அதனால்தான் ஆண்டிபட்டி தாண்டித் தேனி வரை கூட்டம் கூட்டமாகக் காற்றாலை. நான்கு வழிச்சாலையில் திருமங்கலம் பக்கம் ராத்திரியில் நீண்ட டிரெய்லரில் ஒற்றை இறக்கை ஊர்ந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது நிலத்தில் நிறுத்துபவை அறுபது, எழுபது மீட்டர் நீளம். கடலில் நிறுத்தச் செய்த இறக்கைகள் நூறு மீட்டரைத் தாண்டிவிட்டன. மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று, தனித்தனி அச்சில் வேக்குவத்தில் செய்து, உள்ளே நீளவாக்கில் தடுப்புச் சுவர் வைத்து, பசை போட்டு இரண்டையும் மூடி ஒட்டுகிறார்கள். ஓட்டின் நடுவில் ஈக்வடாரிலிருந்து வரும் பால்சா கட்டையோ நுரைப் பலகையோ இருக்கும். அது எடையைக் கூட்டாமல் விறைப்பைத் தரும். நீளமான இறக்கைகளில் முதுகெலும்பு மாதிரி ஓடும் பட்டைக்கு மட்டும் கார்பன். அதையும் இப்போது அச்சிலேயே அடுக்காமல், பல்ட்ரூஷன் என்ற முறையில் ரெசினில் நனைத்த இழையைச் சூடான அச்சு வழியே இழுத்து, நேரான பட்டையாக இறுக்கி எடுத்துக்கொண்டு வந்து வைக்கிறார்கள். இழை வளையவே வாய்ப்பில்லாமல் போகிறது. இருபது ஆண்டில் பத்துக் கோடித் தடவைக்கு மேல் ஏறி இறங்கி வளையும் பாகத்துக்கு இந்த ஒரு மாற்றம் பெரிய காரியம்.

சரி, புதிதாக என்ன? பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது தெர்மோபிளாஸ்டிக் ரெசின்கள். மாமாவின் பாலியெஸ்டரும் விமானத்தின் எபாக்சியும் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான், சூடாக்கினால் கருகும். பீக் போன்ற தெர்மோபிளாஸ்டிக்குகள் சூட்டில் இளகி ஆறியபின் மறுபடி இறுகும். அதனால் உறைபெட்டி வேண்டாம், மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டாம், நிமிடங்களில் அழுத்தி எடுக்கலாம். ரிவெட்டுக்கு ஓட்டை போடாமல் இரண்டு பாகத்தை வெல்டிங்கே செய்யலாம். விலைதான் தலைசுற்ற வைக்கிறது. அடுத்து, ஆட்டோகிளேவ் இல்லாமலே விமானத் தரம் எட்டுவது. ரஷ்யாவின் எம்.சி.-21 பயணிகள் விமானத்தின் இறக்கை வேக்குவத்தில் ரெசினை உள்ளே செலுத்திச் செய்வதுதான். மூன்றாவது, பீங்கான் கம்பாசிட். சிலிக்கான் கார்பைடு இழையைச் சிலிக்கான் கார்பைடுக்குள்ளேயே பதித்துச் செய்கிறார்கள். லீப் என்ற விமான எஞ்சினில் 2016 முதல் டர்பைனைச் சுற்றியுள்ள வளையத்தில் இருக்கிறது; உலோகத்தில் மூன்றில் ஒரு பங்கு எடையில், உலோகம் தாங்காத சூட்டைத் தாங்குகிறது.

வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இந்தியன் ஆயில் 2021இல் கொண்டுவந்த கம்பாசிட் கேஸ் சிலிண்டர் உள்ளே ஒரு பாலித்தீன் கலம், அதன்மேல் ரெசினில் நனைத்த கண்ணாடி இழைச் சுற்று, வெளியே பாலித்தீன் சட்டை. இரும்புச் சிலிண்டரில் பாதி எடைதான், துருப்பிடித்துத் தரையில் வட்டக்கறை விழாது, வெளிச்சத்தில் பிடித்தால் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். பல் சொத்தையை அடைத்து நீலவிளக்குக் காட்டி இறுக்குகிறார்களே, அதுவும் கம்பாசிட்தான்: கண்ணாடித்தூள் கலந்த ரெசின்.

மதுரையிலிருந்தே போன ஒன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. திருப்பரங்குன்றம் தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடான ஜல்லியில் நறுக்கிய குப்பைப் பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய தோலாகப் போர்த்திக்கொள்ளும் என்று கண்டு, அதன்பிறகு தார் கலந்தார். தார் நன்றாகப் பிடிக்கிறது, மழைத்தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவில் புக முடிவதில்லை. 2002இல் கல்லூரி வளாகத்திலேயே முதல் சாலை, 2006இல் காப்புரிமை, 2018இல் பத்மஸ்ரீ. இழை இல்லாவிட்டாலும் இதுவும் கம்பாசிட் சிந்தனைதான். பி.வி.சி.யை மட்டும் சேர்க்கக் கூடாது, சூட்டில் அமில ஆவி விடும்.

வாழைநார், கற்றாழை நார், பனைநார் பற்றியும் அடுத்து கேட்பீர்கள். சோழவந்தான் பக்கம் மேலக்காலில் வாழைநாரில் கயிறு திரித்துக் கூடை முடைந்து ஏற்றுமதி செய்கிறார்கள். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் இயற்கை இழைக் கம்பாசிட்டில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. ஆனால் மனசில் பட்டதைச் சொல்கிறேன்: இந்த ஒரு தலைப்பில் தமிழ்நாட்டில் எழுதிய புராஜெக்ட் அறிக்கைகளை அடுக்கினால் ஒரு நல்ல சுவர் எழும்பும், சந்தைக்கு வந்த பொருள் கொஞ்சம்தான். நார் தண்ணீர் குடிக்கும். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் பலம் மாறும். எண்ணெய் மாதிரி மேலே இருக்கும் பூச்சைக் காரத்தில் கழுவாவிட்டால் ரெசின் ஒட்டாது. ஐரோப்பியக் கார்களில் கதவின் உள்பலகைக்குச் சணல் வகை நாரையும் பாலிப்ரொப்பிலினையும் சேர்த்து அழுத்திப் போடுகிறார்கள். சுமை தாங்காத, நனையாத, எடை குறைய வேண்டிய இடம் அது. அப்படி இடம் பார்த்துப் போட்டால் வாழைநாருக்கும் வாழ்வு உண்டு. எபாக்சியில் ஊறவைத்து இழுவிசை பார்ப்பதோடு நிறுத்தினால் ஒன்றும் நடக்காது.

குறையும் சொல்ல வேண்டும். கம்பாசிட்டில் அடிபட்டால் வெளியே தெரியாது. சுத்தியல் தவறி விழுந்தால் இரும்பு நெளியும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் தகட்டில் மேலே லேசாக ஒரு புள்ளி, உள்ளே அடுக்குகள் உள்ளங்கை அகலத்துக்குப் பிரிந்து கிடக்கும். சந்தையில் பானை வாங்குகிறவர் விரலால் தட்டிச் சத்தம் கேட்பதுபோல விமானத்தையும் காசால் தட்டிக் கேட்பது இன்றும் இருக்கும் பழக்கம்தான். சத்தம் மந்தமாக வந்தால் அல்ட்ராசானிக் கருவியைக் கொண்டுவருவார்கள்.

இரண்டாவது குறை, குப்பை. 2004 சுனாமிக்குப் பிறகு ராமநாதபுரம் கரை வரை கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பிடித்தது. மலிவான ஜி.பி. (பொதுப் பயன்பாட்டு) ரெசினில் செய்தவற்றில் உப்புத்தண்ணீர் ஊறிக் கொப்புளம் விட்டது. தண்ணீருக்கு ஈடுகொடுக்கும் ஐசோ ரெசின் போட்டிருந்தால் தாங்கியிருக்கும். வீணான படகு மக்குவதும் இல்லை, உருக்கவும் முடியாது. இனிக் காற்றாலைகளின் முறை. கயத்தாறிலும் முப்பந்தலிலும் ஆரம்ப காலத்தில் நட்டவற்றை எடுத்துவிட்டுப் பெரிதாக வைக்கத் தமிழக அரசு 2024இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. கழற்றிய இறக்கைகளை நறுக்கிச் சிமெண்டுச் சூளைக்குப் போட்டால் ரெசின் எரிபொருளாகும், கண்ணாடி சிமெண்டோடு சேரும். இதைவிட நல்ல வழி, இறுகிய ரெசினையே மறுபடி பிரிக்கும்படி செய்வது. ஆதித்ய பிர்லா குழுமத்தின் ரீசைக்ளமின் என்ற ஹார்ட்னரை (ரெசினை இறுகவைக்கும் பொருள்) போட்ட எபாக்சியை மிதமான அமிலத்தில் சூடாக்கினால் கரைந்து இழை தனியே வந்துவிடும். சீமென்ஸ் கமேசா அதில் செய்த இறக்கைகள் 2022இல் ஜெர்மனிக் கடலில் நிறுத்தப்பட்டன. ஆனால் பழைய இறக்கைகளுக்கு இது உதவாது.

இறங்கலாமா என்று கேட்டீர்கள். இறங்கலாம், ஆனால் "கம்பாசிட் படித்தேன்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கூப்பிட மாட்டார்கள். சென்னையைச் சுற்றியுள்ள காற்றாலை ஆலைகளுக்கு வேக்குவம் இன்ஃப்யூஷன் கையால் செய்து பழகிய ஆள் வேண்டும். ஓடும் காற்றாலைகளில் கயிற்றில் தொங்கி இறக்கையின் முன்விளிம்பைப் பழுதுபார்க்கும் வேலைக்கு ஆள் தட்டுப்பாடு; பயம் இல்லாதவருக்கு நல்ல சம்பளம். அல்ட்ராசானிக் சோதனையில் லெவல் 2 சான்றிதழ் வாங்கினால் பெங்களூர், திருவனந்தபுரம் விண்வெளிச் சுற்றுவட்டாரத்தில் சப்ளையர் கம்பெனிகளில் நுழையலாம். மதுரையிலேயே மத்திய அரசின் பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனமான சிபெட்டின் மையம் இருக்கிறது, குறுகிய காலப் பயிற்சி விசாரியுங்கள். மாமா பட்டறையை மட்டும் இளக்காரமாக நினைத்துவிடாதீர்கள். ரெசின் எந்த நிமிடத்தில் கெட்டியாகும் என்று கை சொல்லும் ஆள் வகுப்பிலிருந்து வருவதில்லை.

கடைசியாக ஃபைபர் கம்பி. கண்ணாடி இழையில் பல்ட்ரூஷன் முறையில் வருவதுதான். துருப்பிடிக்காது, இரும்பில் கால்பங்கு எடை, இழுவிசையும் இரும்பைவிட அதிகம். விற்கிறவர் இத்தோடு நிறுத்திக்கொள்வார். மிச்சத்தை நான் சொல்கிறேன். அதன் விறைப்பு இரும்பில் நாலில் ஒரு பங்குதான். அதே கனத்துக்குக் கம்பி மாற்றிப் போட்டால் பீமும் ஸ்லாப்பும் கூடுதலாகத் தொய்யும், விரிசல் அகலமாகும். இரும்பு நீண்டு எச்சரித்துவிட்டுத்தான் அறும். இது சொல்லாமல் அறும். சைட்டில் வளைக்க முடியாது, ரிங் கட்டுவதற்கும் கொக்கி வளைப்பதற்கும் ஆலையிலேயே வளைத்து வர வேண்டும். தீப்பிடித்தால் நூறு டிகிரியைத் தாண்டியதுமே ரெசின் இளக ஆரம்பிக்கும். கான்கிரீட்டின் காரத்தில் தரமில்லாத ரெசின் நாளடைவில் கெடும். இதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனித் தரமே வெளியிட்டிருக்கிறது. அந்த முத்திரையும் சோதனைச் சான்றும் இல்லாத கம்பியைத் தொடவே வேண்டாம்.

இது பொருந்தும் இடம் உப்புக்காற்று அடிக்கும் கரையோரச் சுவர், கழிவுநீர்த் தொட்டி, தரைமேல் போடும் கான்கிரீட். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில்கூடத் துருவுக்காக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிதான் போட்டார்கள். உசிலம்பட்டியில் கடல் காற்று எங்கே அடிக்கிறது? தூண், பீம், கூரை மூன்றுக்கும் இரும்பையே போடுங்கள், கம்பிக்கு மேல் மூடும் கான்கிரீட் கனத்தில் மேஸ்திரி கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஃபைபர் கம்பியை வாங்கி இறக்கிவிட்டீர்கள் என்றால் வாசல் தளத்துக்கும் கார் நிறுத்தும் தளத்துக்கும் ஆகும். அதுவரை வெயிலில் போடாமல் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். வெயிலில் கிடந்தால் மேல்ரெசின் பொடிந்து இழை வெளியே வந்துவிடும், தூக்கும்போது கையிலும் ஏறும்.